நாலு ஆள் அகலம்

பாதையை அடைத்தது நீதான். காற்று வந்து அடைக்கவில்லை, சர்க்கார் வந்து அடைக்கவில்லை, வேலிக்கல் தானாக முளைத்து வரிசையில் நிற்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்து, எங்கள் புழுதியில் மூக்கொழுகத் திரிந்து, போர்வெல் லாரிக்குக் கிளீனராகப் போய், பிறகு சொந்த லாரி வைத்து, ஒன்று பலவாகி, ஏரிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் வளைத்துத் தென்னை வைத்த நீ, நடுவில் கிடந்த சுடுகாட்டு மேட்டுக்குப் போகிற வண்டிப்பாதையையும் சேர்த்துக் கல் ஊன்றி, கம்பி இழுத்து, இரும்புக் கேட்டு மாட்டி, பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாய். உன் பேரை நான் எழுதப்போவதில்லை. உன் அப்பா ஆசையாக வைத்த நல்ல பேர் அது, அதை இந்தக் காரியத்தோடு சேர்த்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

உனக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நான் மாட்டுத் தரகு செல்லாயி. புருசன் ஆண்டியப்பன் ஊர் ஊராக மாடு ஓட்டிப் பிழைத்தவர். காமாலை கண்டு போய்ச் சேர்ந்து அந்த மேட்டில் வேம்புக்குக் கிழக்கே கிடக்கிறார். அவர் போனபிறகு அவருடைய சாட்டைக்குச்சியும் ரெண்டு பொட்டைப்பிள்ளைகளும் தவிர வேறு இல்லாமல் மணப்பாறைச் சந்தைக்குள் இறங்கி, ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே நின்று பேரம் படித்து, மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்குமுன் விற்கிறவன் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டவள். அந்த ஆண்டியப்பனுக்கு வருசப் படையல் போடத் தூக்குவாளியும் வாழை இலையுமாகப் போன அன்றைக்குத்தான் உன் கேட்டை முதலில் பார்த்தேன்.

“உள்ள விட உத்தரவு இல்லீங்கம்மா,” என்றான் புதுசாக நீ வைத்திருந்த காவல்காரன்.

“என் புருசனப் பாக்க எவன்டா உத்தரவு போடுறவன்?”

“உங்க வீட்டுக்காரரு தோப்புலயா வேலை பாக்குறாரு?”

“இல்ல. படுத்திருக்காரு.”

அவன் கம்பிக்குள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி யாரையும் காணலீங்களே,” என்றான். அவனை என்ன சொல்வது, சம்பளத்துக்கு நிற்கிறவன். இலையை உன் வேலிக்கல்லின் மேல் விரித்து, பொங்கலும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, மேட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். காக்கை தின்றது. ஆண்டியப்பன் பட்டினி.

மறு வாரம் உச்சி வெயிலில் மேட்டில் கிடந்தவர்களே கிளம்பி வந்துவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்த மேடு முழுக்க நித்தியகல்யாணி. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. எருக்கே தலை தொங்கப்போடுகிற சித்திரை வெயிலிலும் விடிந்தால் ரோஸும் வெள்ளையுமாக அஞ்சு இதழ் விரித்து நிற்கிற செடி, ஒரு தடவை வேர்விட்டால் வருசம் வருசமாக இருக்கிற செடி, ஆனாலும் எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்றுதான் பேர். தலையில் வைக்கமாட்டார்கள், சாமிக்குப் போடமாட்டார்கள், வாசலில் முளைத்தால் பிடுங்கிக் குப்பையில் எறிவார்கள், கசப்பென்று ஆடுகூட வாய் வைக்காது. அந்தச் செடிகள்தான் வேரை மணலிலிருந்து உருவிக்கொண்டு, உன் கம்பிக்கு அடியில் ஆட்டுக்குட்டி நுழைகிற சந்தில் குனிந்து வெளியேறி, ஏரிக்கரை ஏறி இறங்கி, சின்னது நடுவிலும் பெரியது ஓரத்திலுமாக ஒரு மந்தையைப் போலத் தார்ரோட்டில் நடந்து வந்தன. டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான், விலகவில்லை. கண்டக்டர் இறங்கி, “யாரு ஓட்டிக்கிட்டு வர்றது?” என்று சத்தம் போட்டு, ஓட்டுகிறவர் யாருமில்லை என்று கண்டதும் விசிலை ஊதி அவனே ஓரமாக ஓட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறி எல்லாருக்கும் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். எதிரே மேய்ந்து வந்த வெள்ளாடுகள் ஒதுங்கி நின்று வழி விட்டன. பாதையை அடைத்தால் எந்த உயிரும் வேறு பாதை பார்க்கும், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது.

தெருவுக்குள் நுழைந்ததும் மந்தை பிரிந்தது. யாரும் யாரையும் வழி கேட்கவில்லை. ஒவ்வொரு செடியும் அதனதன் வீட்டுக்குத் திரும்பி, முற்றத்திலோ கொல்லையிலோ ஒரு இடம் பார்த்து, வேரைப் பதித்து இறங்கிக்கொண்டது. என் வீட்டுக்கு வந்தது நேராகத் தொழுவத்துக்குப் போய், மாடு கட்டுகிற முளைக்குச்சிக்குப் பக்கத்தில் நின்றது. அந்த இடத்தில்தான் ஆண்டியப்பன் குந்தி உட்கார்ந்து பீடி குடிப்பார். ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினேன்.

எதிர்வீட்டு மருதாயி மதினிதான் விளக்குமாற்றை எடுத்தாள். “சுடுகாட்டுச் செடி வீட்டுக்குள்ள வந்தா குடும்பம் வெளங்குமா?” என்று சத்தம் போட்டுக்கொண்டே பிடுங்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

“என்னா மதினி?” என்றேன்.

“அட இது எங்க மாமியா.”

“எப்பிடித் தெரியும்?”

“நான் கிட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிற ஆளு வேற யாரு இருக்கா இந்த ஊருல?”

நிஜம்தான். அவள் இந்தப் பக்கம் வந்தால் பூவெல்லாம் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்த மருதாயி மூன்றாம் நாள் காலையில் பழைய பாக்கியையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு திட்டுத் திட்டினாள் பாரு, கல்யாணத்தில் நகை குறைத்துச் சொன்னதிலிருந்து பிரசவத்துக்கு வராதது வரைக்கும், திட்டி முடிப்பதற்குள் அந்தச் செடியில் இலை தெரியாமல் பூத்துவிட்டது. அதிலிருந்து அவளுக்கு அதுதான் முதல் வேலை, காபிகூட அப்புறம்தான். ஒரு நாள் காய்ச்சலில் படுத்து அவளால் திட்ட முடியவில்லை, அன்றைக்கு அந்தச் செடியில் ஒரு மொட்டும் விரியவில்லை, சாயந்திரம் வரைக்கும் சன்னல் பக்கமே சாய்ந்து நின்றது.

இப்படித்தான் வீட்டுக்கு வீடு ஆள் தெரிந்தது. அடைக்கலம் சித்தப்பாவின் தம்பி குடித்தே செத்தவர். அவருடைய செடி விடிந்தால் ஒயின்ஷாப்புப் பக்கம் சாயும், சித்தப்பா அதை நிமிர்த்திக் குச்சியில் கட்டி, “செத்தும் திருந்தலியாடா நீ,” என்று தலையில் குட்டுவார். செத்தவர்களின் பேரை மறுபடி கார்டில் சேர்த்து அரிசி வாங்கலாமா என்று சிலர் ரேசன்கடைக்குப் போய்க் கேட்டார்கள். கடைக்காரர் எரிந்துவிழவில்லை, தாராளமாக வாங்கலாம், கைரேகை மட்டும் வந்து வைக்கச் சொல்லுங்கள் என்றார். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்கு விரல் உயரத்தில் ஒரு கன்று வந்திருந்தது, அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் தெருவே செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தது.

முதலில் நாங்கள் பாசத்தில் கெடுத்தோம். ஆளுக்கொரு குடம் தண்ணீர், சாணி எரு, சோறு வடித்த கஞ்சி என்று ஊற்ற ஊற்ற இலை மஞ்சளடித்தது, தண்டு அடியில் கறுத்தது, ரெண்டு மூன்று வீட்டில் மறுபடி எழவு விழப்பார்த்தது. பிறகுதான் பிடிபட்டது: மண் காய்ந்து வெடிக்கப்போகிற நேரத்தில் ஒரு சொம்பு, அவ்வளவுதான் அதற்கு வேண்டியது, ஆற்று மணல் கொண்டுவந்து வேரடியில் போட வேண்டும், கூரை நிழல் படாமல் வெயில் பார்த்து விட வேண்டும், நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைத்துப் புதராகும். ஆடியில் எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் நீயே வண்டியை நிறுத்தியிருப்பாய். ஊரெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த வறட்சியில், குப்பையில் எறிகிற பூ எங்கள் முற்றமெல்லாம் நிரம்பி வழிந்தது. மருதாயிதான் முதலில் பறித்துக் கொண்டையில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி முகத்தைச் சுளித்து, “அது சுடுகாட்டுப் பூவாச்சே,” என்றதற்கு, “ஆமா, எங்க மாமியா பூத்தது, ஒங்க மாமியா என்னாத்தப் பூத்தா?” என்றாளாம். அதற்குப்பிறகு எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் வைத்தோம். வாசமில்லாத பூ. வாசத்துக்கு வைக்கவில்லை.

அடைக்கலம் சித்தப்பாதான் ஒருநாள் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இது இவுங்க தங்குற எடம் இல்ல தாயி. ஐப்பசியில நம்ம தெருவுல தவளதான் தங்கும்.”

எங்கள் தெரு ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் கிடப்பது உனக்குத் தெரியாததில்லை. மழை பிடித்தால் முற்றத்தில் முழங்கால் தண்ணீர், வடிய மாதக்கணக்காகும். அந்தச் செடிக்குத் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். ஒரு தடவை செத்தவர்களை இன்னொரு தடவை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது?

“வந்த மாதிரி அவுங்களே திரும்பிப் போக மாட்டாங்களா சித்தப்பா?” என்றாள் மருதாயி.

“பொணம் தானா நடந்து சுடுகாட்டுக்குப் போறத எங்கயாச்சும் கேட்டிருக்கியா? வீடு தேடித் தானா வரலாம். போறப்ப நாலு பேரு தூக்கித்தான் போகணும். அதுதான் மொறை.”

மேட்டு மணலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பாதை வேண்டும். பாதை உன் பையில் இருந்தது.

உன் அப்பா வையாபுரிப் பெரியப்பாவும் வந்திருந்தார். நிலையும் கதவும் பெயர்த்து விற்று, கூரையில்லாமல் நீ விட்டுவிட்டுப் போன பழைய வீட்டின் வாசப்படியில், கதவு இருந்த இடத்தில், குட்டையாக ஒரு செடி. உன் புது வீட்டுக்குப் போகிற வழி அவருக்குத் தெரியாது; உயிரோடு இருந்தபோது நீ கூட்டிப்போனதில்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் நின்றவரை நான்தான் மண்ணோடு பெயர்த்து என் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சும்மா கொண்டுவரவில்லை. சந்தையில் முதன்முதலாக என் துண்டுக்குள் கையை விட்ட ஆம்பளை அவர். தரகில் விலையை வாயால் சொல்லமாட்டோம். ரெண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம், சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும். பொம்பளை விரலைப் பிடிப்பதா என்று மற்றவன் எல்லாம் சிரித்து ஒதுங்கிய அன்றைக்கு, கிணறு வெட்டிக் காய்த்துப்போன கையை நீட்டி, “வெரலச் சொல்லு தாயி,” என்று ஒரு கிடாரிக்கன்றை வாங்கிப்போனார் பெரியப்பா. அதன்பிறகுதான் என்னைத் தரகு என்று நாலு பேர் கூப்பிட்டார்கள்.

ஆவணியில் நீ வந்தாய். காரைத் தெருமுனையில் விட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாய். “அப்பா இங்க இருக்காராம்லக்கா,” என்றாய். கையைக் காட்டினேன். நீ தொழுவத்தில் சாணி ஈரத்தில் மண்டியிட்டாய். அதுவரை ஒரு மொட்டுக்கூட விடாமல் உம்மென்று நின்ற மனுசன் உன் கண்ணெதிரே ஒரு பூ விரித்தார், வெள்ளைப் பூ. உனக்கு அழுகை வந்தது, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாய், சின்ன வயசில் துடைத்த மாதிரியே. தெருவே என் முற்றத்தில் நின்று பார்த்தது.

“எனக்குக் குடுத்துரு அக்கா.”

“எடுத்துக்க. ஒன் அப்பன ஒனக்கு இல்லேங்க நான் யாரு? பாதைய விடு.”

நீ சுற்றிலும் பார்த்தாய். “எல்லாரு முன்னாடியும் பேச வேணாம்க்கா.”

“அப்ப துண்டுக்குள்ள பேசுவோம்.”

தோள் துண்டை எடுத்து ரெண்டு பேர் கையிலும் போட்டேன். விலை இல்லை அங்கே, பாதையின் அகலம். நீ என் ஒற்றை விரலைப் பிடித்தாய், ஒரு ஆள் போகிற அகலம். ஒற்றை ஆளாகப் பாடை தூக்க முடியுமா, உன் கையைத் தட்டிவிட்டேன். ரெண்டு விரல் என்றாய். நான் நாலையும் சேர்த்துக் கொடுத்தேன், நாலு ஆள் தோளோடு தோள் உரசிப் போகிற அகலம், அதில் ஒரு நூல் குறையாது. நீ மூன்றில் நின்று இழுத்தாய், உள்ளங்கை வேர்த்தது, துண்டு ஆடியது. கடைசியில் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினாய். இன்றைக்கும் அந்த அழுத்தம் என் எலும்பில் இருக்கிறது.

விரல் அழுத்தினால் பேச்சு முடிந்தது. மாட்டுக் கயிறுதான் முதலில் கைமாறும், பணமெல்லாம் பிறகு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் நீ செய் என்கிற தரகை மறு சந்தையில் ஒருவனும் சீண்டமாட்டான். வேர் அறாமல் ஆழமாகத் தோண்டி, மண்ணோடு சாக்கில் கட்டி, பெரியப்பாவைத் தூக்கி உன் கையில் கொடுத்தேன்.

“கேட்டத் தொறந்தப்புறம் குடுக்கலாம்ல மதினி,” என்று மருதாயி காதோடு முணுமுணுத்தாள்.

“வெரல அழுத்திட்டான்டி,” என்றேன்.

மறுநாள் காலையில் தெருவே கிளம்பியது. சிமெண்டுச் சாக்கில் சிலர், அன்னக்கூடையில் சிலர், சைக்கிள் கேரியரில் சிலர், மருதாயி மாமியார் மட்டும் சீர்வரிசைப் பித்தளை அண்டாவில். விரல் உயரக் கன்றை அதன் அம்மா முந்தானையில் ஏந்திக்கொண்டாள். முன்னால் தப்பு அடித்துக்கொண்டு, எழவுக்கு அடிக்கிற அடி இல்லை, கல்யாண அடி, நாலு நாலு பேராக உன் கேட்டு முன்னால் போய் நின்றோம். பழைய பூட்டுக்கு மேலே புதுசாக இன்னொரு பூட்டுத் தொங்கியது. காவல்காரன் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கம்பிக்கு வெளியே நீட்டினான்.

“எந்தப் பாதைக்கா?” என்றது உன் குரல். “என்ன பேசுனோம்? யாரு பாத்தா?”

தப்புச் சத்தம் நின்றது. துண்டு ஆடியதைத் தெருவே பார்த்தது. விரலை யாரும் பார்க்கவில்லை. அடைக்கலம் சித்தப்பா மட்டும், “துண்டுக்குள்ள பேசுனதுக்குச் சாட்சி கேட்டவன இன்னைக்குத்தான் கேக்குறேன்,” என்று சொல்லிவிட்டுத் தன் தம்பியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

சந்தைக்குச் சேதி போனது. ஒரு காலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த தரகர்கள் எல்லாரும் கூடி, உனக்கு ஒரு கன்றுக்குட்டியும் விற்கக்கூடாது, உன் மாட்டுக்கு விலை கேட்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். உனக்கு வலித்திருக்காது, உன் வீட்டுக்குப் பால் பாக்கெட்டில் வருகிறது. கேட்டு திறக்குமுன் கொடுத்தது என் புத்திகெட்டதனம் என்று தெருவில் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கயிறு முதலில் கைமாறுகிற வழக்கத்தில்தான் நான் பிழைத்தேன், என் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தேன், நாளைக்கும் அப்படித்தான் கொடுப்பேன். ஒருத்தன் பொய்யனானதற்காக ஒரு சந்தையின் வழக்கத்தை மாற்ற முடியாது. மாற வேண்டியது நீ.

இப்போது ஐப்பசி. நாலு நாளாக மழை விடாமல் பிடித்து, முற்றத்தில் தண்ணீர் கணுக்கால் தாண்டிவிட்டது. கட்டிலில் படுத்திருந்தவர்கள் எல்லாம் தரையில் செங்கல் அடுக்கிப் படுத்துக்கொண்டு, கட்டில்களின் மேல் செடிகளை வைத்திருக்கிறோம். உரல் மேல் ஒன்று, தையல் மிஷின் மேல் ஒன்று, குதிர் மேல் ஒன்று. மருதாயி குடை பிடித்துக்கொண்டு திட்டுகிறாள், தொண்டை கட்டிவிட்டது, மாமியார் பூப்பதை நிறுத்தியாகிவிட்டது. ஆண்டியப்பனுக்கு நேற்று அடித்தண்டில் கறுப்பு ஏறியது. சாம்பலும் மணலும் வைத்துக் கட்டிவிட்டு ராத்திரி பகல் என்று பாராமல் தண்ணீரை இறைத்துப் பார்த்தேன். கறுப்பு ஒரு விரல்கடை மேலே ஏறியிருக்கிறது.

உன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பொன்னுத்தாயி எங்கள் தெருதான், எல்லாம் சொல்கிறாள். பெரியப்பாவைப் பளபளவென்று பீங்கான் தொட்டியில் வைத்து, ஏசி போட்ட ஹாலில் உன் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாயாம். வெயில் ஒரு பொட்டுக்கூட இல்லையாம். காலையிலும் சாயந்திரமும் நீயே உன் கையால் தொட்டி வழிய வழியத் தண்ணீர் விடுகிறாயாம். இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறதாம், உதிர உதிர நீ இன்னும் தண்ணீர் விடுகிறாயாம், பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசுகிறாயாம். உன் அப்பா ஆயுசு பூராவும் கிணறு வெட்டியவர், ஆனால் ஊற்று உடைந்த சத்தம் கேட்டால் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறிவிடுவார். தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். அவரை நீ நடுவீட்டில் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறாய்.

அவருக்கு வேண்டியது மேட்டு மணல். எங்கள் ஆட்களுக்கு வேண்டியதும் அதே மணல். அது உனக்கும் எனக்கும் ரெண்டு இடத்தில் இல்லை, உன் ரெண்டு பூட்டுக்குப் பின்னால் ஒரே இடத்தில் கிடக்கிறது, தண்ணீர் தங்காமல், வேம்புக்குக் கிழக்கே, வெயில் படும்படி. இதை விலைபேச நான் வரவில்லை. என் துண்டை உனக்கு இனி விரிக்கமாட்டேன். தொட்டியில் நிற்கிற தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டு. பெரியப்பாவை எடு, காவல்காரன் கையில் கொடுத்துவிடாதே, நீ தூக்கு. அடைக்கலம் சித்தப்பா கடப்பாறையோடு குழி தோண்டத் தயாராக நிற்கிறார், உன் அப்பாவுக்கும் சேர்த்துத் தோண்டுவதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் கட்டில்களோடு கிளம்பிவிட்டோம், ஏரிக்கரை ஏறிக்கொண்டிருக்கிறோம். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு வா. வந்து கேட்டைத் திற.